அப்பாவின் தொடை எம்.ஆர்.ஐ: திரும்ப வந்த கட்டியா, ஆறாத புண்ணா?

செம்மண்_மகள் | செவ்வாய், இரவு 9.40

அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் ஒருக்கா சொல்லுங்கோ. அப்பாவுக்கு 63 வயது, புன்னாலைக்கட்டுவனில் தோட்டம். போன வருடம் வலது தொடையின் உள்பக்கத்தில் ஒரு கட்டி. நோகவில்லை என்பதால் ஐந்தாறு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. சாரம் உடுக்கிற மனிசன், எங்கள் கண்ணிலும் படவில்லை. பயொப்சியில் (சதைத் துண்டு எடுத்துச் சோதித்ததில்) சார்க்கோமா, அதாவது தசை, கொழுப்பு மாதிரியான இடங்களில் வருகிற புற்றுநோய், கிரேட் 3 (வேகமாக வளர்கிற வகை) என்று வந்தது. கொழும்புப் பக்கம் போய் 25 நாள் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்து, ஆறு கிழமை விட்டு ஒப்பரேஷன். 9 சென்ரிமீற்றர் கட்டி. முழுவதும் எடுத்தாயிற்று, விளிம்பு சுத்தம், வெட்டின ஓரத்தில் நோய் இல்லை என்றார்கள்.

இப்போது ஏழு மாதம். போன கிழமை யாழ்ப்பாணத்திலேயே ஒரு தனியார் இடத்தில் எம்.ஆர்.ஐ எடுத்தோம். றிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருக்கிறது. ஒப்பரேஷன் செய்த இடத்தில் 4.2 சென்ரிமீற்றர் நீர்த் தேக்கம், ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக, ஸ்கானுக்காக ஊசியில் போட்ட மருந்து ஏறியிருக்கிறது. சுற்றியுள்ள தசையில் வீக்கம். நீர்த் தேக்கத்தின் கீழ் முனையில் 9 மில்லிமீற்றர் முடிச்சு ஒன்று, அதில் மருந்து ஏறுகிறது. கடைசி வரி: "நோய் மீண்டிருக்கும் வாய்ப்பை விலக்க முடியாது."

கிளினிக் அடுத்த வெள்ளிதான். அதுவரை இந்த ஒரு வரியோடு எப்படி இருப்பது? அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

நல்லூரான் | செவ்வாய், இரவு 10.05

தங்கச்சி, மருந்து ஏறுகிறது என்றால் கட்டிதானே? எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். வெள்ளி மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காமல் நாளைக்கே போங்கோ.

ஸ்கான்_அறை | செவ்வாய், இரவு 10.50

நல்லூரான் அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. மருந்து ஏறுவதெல்லாம் கட்டி இல்லை. நான் டொக்டர் இல்லை, பதினொரு வருடமாக எம்.ஆர்.ஐ மெஷினில் வேலை செய்கிறவன். றிப்போர்ட் எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் அப்பா தோட்டக்காரர் என்றீர்கள், அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். கையில் ஏற்றுகிற அந்த மருந்து கடோலினியம். இரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். தோட்டத்துக்கு இறைக்கிற மாதிரித்தான். குட்டையாகத் தண்ணீர் நிற்கிற இடத்தில் வரம்பு மட்டும் ஈரமாகும், நடுவில் ஒன்றும் மாறாது. ஒப்பரேஷன் செய்த பள்ளத்தில் தேங்குகிற நீர் அப்படி. சீரோமா என்பார்கள். உங்கள் றிப்போர்ட்டின் முதல் விஷயம் பெரும்பாலும் இதுதான் போலிருக்கிறது. இறுகிப்போன பழைய தழும்பு காய்ந்த கட்டித் தரை. ரி2 என்கிற படத்தில் கறுப்பாகத் தெரியும், தண்ணீரை மெல்ல மெல்லத்தான் உறிஞ்சும். உயிருள்ள கட்டி புதிதாகக் கொத்தின பாத்தி. விட்ட உடனேயே குடித்துவிடும்.

அதனால் ஏறியதா என்பதோடு எவ்வளவு வேகமாக ஏறியது என்பதையும் பார்க்கவேண்டும். ஊசி போட்ட முதல் சில விநாடிகளில் இருந்து அடுத்தடுத்துப் படம் எடுத்தால் அது தெரியும். எல்லா இடத்திலும் அப்படி எடுப்பதில்லை.

பிரச்சினை என்னவென்றால், ஒப்பரேஷன் செய்து சில மாதத்துக்குள் ஆறிக்கொண்டிருக்கிற இளம் சதையும் வேகமாகக் குடிக்கும். அந்த 9 மில்லிமீற்றர் முடிச்சு அதுவாகவும் இருக்கலாம். ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவராலும் சத்தியம் பண்ண முடியாது. "விலக்க முடியாது" என்று எழுதினவரைக் குறை சொல்லாதையுங்கோ.

இப்போது முக்கியமான கேள்வி: ஒப்பரேஷன் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ எடுத்தீர்களா?

செம்மண்_மகள் | செவ்வாய், இரவு 11.15

எடுத்தோம் அண்ணை, கொழும்பில், மூன்றாம் மாதம். அந்த றிப்போர்ட் கடதாசி இருக்கிறது. "ஒப்பரேஷனுக்குப் பிறகான மாற்றங்கள்" என்று இரண்டு வரிதான். ஒரு சீடியும் தந்தார்கள். அது எங்கே என்று தெரியவில்லை.

ஸ்கான்_அறை | செவ்வாய், இரவு 11.22

சீடியைத் தேடுங்கோ. கடதாசியை விட அதுதான் முக்கியம். இப்போது எடுத்தவர்களிடம் அந்தப் பழைய படத்தைக் கொடுத்தீர்களா?

செம்மண்_மகள் | செவ்வாய், இரவு 11.24

இல்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

தட்டாதெரு_அக்கா | புதன், காலை 6.10

பிள்ளை, இரவு நித்திரை கொண்டிருக்கமாட்டாய் என்று தெரியும். நானும் சார்க்கோமாக்காரிதான், வலது மேல்கை. ஏழு வருடமாகிறது, இருந்து எழுதுகிறேன்.

என் கதையில் இரண்டு விஷயம் உனக்கு உதவும். முதலாவது, எனக்குத் தொடக்கமே பிழை. ஆறு சென்ரிமீற்றர் கட்டியை, கொழுப்புக் கட்டி என்று சொல்லி, ஒரு ஸ்கானும் எடுக்காமல், மரக்க ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட்டார்கள். எந்த இடம் என்று எழுதமாட்டேன். பத்தாம் நாள் றிப்போர்ட்டில் மிக்சோஃபைப்ரோசார்க்கோமா, சார்க்கோமாவில் ஒரு வகை. பிறகு எம்.ஆர்.ஐ எடுத்தால், எது மிஞ்சின கட்டி, எது வெட்டின காயம் என்று பிரிக்க முடியாத குழம்பல். அந்த இடம் முழுவதையும் அகலமாக மறுபடி வெட்டி, தொடையில் தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல், ஆழத்தில், வளர்ந்துகொண்டிருக்கிற கட்டி என்றால் கத்தி வைக்கமுதல் படம் எடுக்கவேணும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும்தான் சொல்கிறேன்.

இரண்டாவது, பத்தொன்பதாம் மாதம் எனக்குத் திரும்பி வந்தது. கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. டொக்டரும் தடவிப் பார்த்து நல்லாயிருக்கு என்றார். எம்.ஆர்.ஐயில்தான் தசையைப் போர்த்திருக்கிற சவ்வு வழியே மெல்லிய வால் மாதிரி நீண்டு தெரிந்தது. இந்த வகைக்கு அப்படி வால் விட்டுப் பரவுகிற குணம் உண்டாம். முந்தின மூன்று ஸ்கானோடு ஒப்பிட்டதால்தான் பிடித்தார்கள். திரும்ப வெட்டினார்கள். கை இருக்கிறது, தோசை சுடுகிறேன்.

டொரொன்டோ_மருமகன் | புதன், காலை 7.30

சகோதரி, உங்கள் றிப்போர்ட்டில் தசை வீக்கம், நீர்த் தேக்கம் என்பவற்றுக்குக் கரண்ட் பிடித்ததும் ஒரு காரணம். இங்கே கனடாவில் கை கால் சார்க்கோமாவுக்குக் கதிர்ச் சிகிச்சையை ஒப்பரேஷனுக்கு முன் கொடுப்பதா பின் கொடுப்பதா என்று ஒரு ஆய்வு செய்தார்கள், 2002இல் வெளிவந்தது. முன்னே கொடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்குக் காயம் ஆறுவதில் சிக்கல், பின்னே கொடுத்தவர்களில் 17 சதவீதம். அப்பாவுக்கு முன்னே கொடுத்திருக்கிறார்கள். அதனால் அங்கே நீர் நிற்பது புதினம் இல்லை.

ஆனாலும் நான் என்றால் பேசாமல் இருக்கமாட்டேன். பெற் ஸ்கான் எடுங்கள். மாதம் ஒரு எம்.ஆர்.ஐ எடுங்கள். காசு பார்க்கிற நேரம் இல்லை இது.

நிழற்படம் | புதன், முற்பகல் 11.40

நான் கதிரியல் டொக்டர், வெளிநாட்டில். பிறந்தது கொக்குவில். படத்தைப் பார்க்காமல் உங்கள் அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். படங்களை எப்படி வாசிக்கிறோம் என்று மட்டும் சொல்லலாம்.

தசை வீக்கத்தில் இருந்து தொடங்குகிறேன், பயப்படுத்துவது அதுதான். கதிர் பட்ட தசை மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில், ரி2 படத்தில் வெள்ளையாக ஊறித் தெரியும். நாங்கள் பார்ப்பது அந்த வெள்ளைக்குள் தசையின் இழைகள் இன்னும் ஓடுகின்றனவா என்று. நனைந்த வேட்டியில் நூல் தெரிகிற மாதிரி இழை தெரிந்தால், பெரும்பாலும் அது வெறும் ஊறல். இழைகளை விலக்கிக்கொண்டு அல்லது அழித்துக்கொண்டு உருண்டையாக ஒன்று நின்றால் கவனிக்கவேண்டும். கதிர் பட்ட வீக்கத்துக்கு இன்னொரு அடையாளம், கதிர் கொடுத்த பரப்பின் எல்லையில் கோடு போட்ட மாதிரி நின்றுவிடும்.

அடுத்தது டிஃபியூஷன் என்கிற படம். உடம்பில் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்று அது காட்டும். தேர்த் திருவிழா அன்று நல்லூர் வீதியில் நடக்க முயன்றிருப்பீர்கள்தானே? செல்கள் நெருங்கி அடைந்த கட்டிக்குள் தண்ணீர் அப்படித்தான் திணறும். சீரோமாவுக்குள் அதே வீதி, திருவிழா முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு. இதற்கு விதிவிலக்கு, உள்ளே வழுவழு என்று ஜெலி நிறைந்த மிக்சொயிட் வகைகள். அதற்குள் தண்ணீர் நன்றாக ஓடும், கட்டியே நீர்க்கட்டி மாதிரி ஏமாற்றும். தட்டாதெரு அக்காவின் வகை அந்தக் குடும்பம். அதனால் முதல் பயொப்சியில் என்ன பெயர் வந்தது என்பதை ஸ்கான் வாசிக்கிறவரிடம் சொல்லவேண்டும். பலர் "பழைய ஒப்பரேஷன்" என்று மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்புகிறார்கள்.

இவ்வளவும் சொன்னாலும், எனக்குக் கிடைக்கிற மிகப் பெரிய உதவி பழைய படம். மூன்றாம் மாதம் எடுத்தது அடிப்படைப் படம். அதில் அந்த முடிச்சு இருந்து, இப்போது சிறுத்திருந்தால் ஒரு கதை. அதில் இல்லாமல் இப்போது புதிதாக முளைத்திருந்தால் வேறு கதை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எங்கள் தொழிலுக்கும் பொருந்தும். பழைய படம் இல்லாமல் வாசிக்கிற கதிரியல் டொக்டரும் கொஞ்சம் அரண்டவர்தான்.

பெற் பற்றி: அது சர்க்கரையை அதிகம் தின்கிற இடத்தைக் காட்டும். ஆறிக்கொண்டிருக்கிற காயமும் கிருமி பிடித்த இடமும் சர்க்கரை தின்னும். ஏழாம் மாதத்தில் இந்தக் கேள்விக்கு முதலில் அதை எடுப்பது குழப்பத்தைக் கூட்டலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கான் மலிவு, முடிச்சு நீரா திண்மமா என்று சொல்லும், தேவை என்றால் அதைப் பார்த்துக்கொண்டே ஊசியும் போடலாம்.

நல்லூரான் | புதன், நண்பகல் 12.30

ஊசி குத்தினால் கட்டி பரவும் என்று சொல்வார்களே டொக்டர்?

நிழற்படம் | புதன், பிற்பகல் 1.05

அண்ணை, கண்ட இடத்தில் குத்தினால் பிழை. அதனால்தான் சார்க்கோமா வெட்டுகிற டொக்டரைக் கேட்டு, பிறகு வெட்டவேண்டி வந்தால் அந்த வெட்டுக்குள் ஊசிப் பாதையும் சேர்ந்து போகிற மாதிரி வழி பார்த்துக் குத்துவோம். அப்படிச் செய்தால் பயம் மிகக் குறைவு. பயொப்சி இல்லாமல் குருட்டாம்போக்கில் வெட்டுவதன் விளைவை அக்கா மேலே எழுதியிருக்கிறார்.

ஸ்கான்_அறை | புதன், மாலை 6.20

டொரொன்டோ அண்ணைக்கு ஒரு பதில், கோபிக்காதையுங்கோ. மாதம் ஒரு எம்.ஆர்.ஐ என்பது எந்த வழிகாட்டியிலும் இல்லை. கிரேட் கூடிய சார்க்கோமா திரும்புவதென்றால் கூடுதலாக முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள். அதனால் அந்தக் காலத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை கிளினிக், பிறகு ஐந்தாம் வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன் பின் வருடம் ஒருமுறை என்பதுதான் பொதுவான நடைமுறை. ஒவ்வொரு தடவையும் எம்.ஆர்.ஐ வேண்டுமா என்பதில் டொக்டர்மாருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

மும்பை டாடா மெமோரியலில் கை கால் சார்க்கோமாக்காரர் 500 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2014இல் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சுக்கு சி.ரி எடுத்தவர்களுக்கும் வெறும் எக்ஸ்ரே எடுத்தவர்களுக்கும் அப்படியே. வெட்டின இடத்தில் திரும்பி வந்ததைப் பெரும்பாலும் நோயாளிகளே தங்கள் கையால் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தட்டாதெரு_அக்கா | புதன், மாலை 6.45

தம்பி, அந்தக் கணக்குப்படி நான் இப்போது போட்டோவில் மாலையோடு இருந்திருப்பேன். என் கைக்குத் தட்டுப்படவில்லையே.

ஸ்கான்_அறை | புதன், மாலை 7.02

அக்கா சொல்வது நியாயம். ஆய்வு பொதுவில் சொல்லும், வகையைப் பொறுத்து மாறும். செம்மண் மகளின் அப்பாவுக்கும் கட்டி தொடைக்குள் ஆழத்தில் இருந்தது, கரண்ட் பிடித்துத் தசை இறுகியிருக்கும், தடவினால் எல்லாம் கல்லாகத்தான் தெரியும். அப்படியானவர்களுக்கு எம்.ஆர்.ஐ தேவைதான். மாதாமாதம் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

காலுக்கு மட்டும் எம்.ஆர்.ஐ எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதையுங்கோ. இந்த நோய் தூரத்துக்குப் போவதென்றால் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். நெஞ்சு எக்ஸ்ரே அல்லது சி.ரி எப்போது எடுத்தது?

வடமராட்சி_கடல் | புதன், இரவு 8.15

இழைக்கு இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் சித்தப்பாவுக்கும் முதுகில் இதே மாதிரிக் கட்டி, எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு இடுப்பில் யுத்த காலத்து ஷெல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஒன்று இருக்கிறது, எடுக்காமல் விட்டது. எம்.ஆர்.ஐ எடுக்கலாமா?

ஸ்கான்_அறை | புதன், இரவு 8.50

இது எங்கள் ஊரின் கேள்வி. வேறு ஊர்ப் படிவத்தில் "உடம்பில் இரும்பு உண்டா" என்று ஒரு வரி இருக்கும், எல்லோரும் இல்லை என்று கோடு போட்டுவிட்டுப் போவார்கள். இங்கே நான் ஒவ்வொருவரிடமும் வாயால் கேட்கிறேன். மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். "தம்பி, அது அப்பவே ஆறிப்போச்சு" என்பார்கள். காயம் ஆறினாலும் இரும்பு உள்ளே இருக்கிறதே.

1.5 ரெஸ்லா (காந்த வலுவின் அளவு) மெஷின் பூமியின் காந்தப் புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. ஷெல் பீஸ் பெரும்பாலும் இரும்பு. முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே, எவ்வளவு பெரிது என்று பார்ப்போம். கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் என்றால் ஆபத்து. தசைக்குள் வருடக் கணக்காகத் தழும்பு மூடி இறுகியிருந்தால், கதிரியல் டொக்டர் பார்த்துப் பல நேரம் சம்மதிப்பார். முடிவு அவருடையது. பீஸைச் சுற்றிப் படத்தில் கறுப்பு ஓட்டை விழும். கட்டி அந்த ஓட்டைக்குள் அகப்பட்டால் எம்.ஆர்.ஐயால் பிரயோசனம் இல்லை. 3 ரெஸ்லாவை விட 1.5 இல் ஓட்டை சின்னதாக இருக்கும், அதைக் கேட்டு எடுங்கோ. சித்தப்பாவுக்குப் பீஸ் இடுப்பில் என்றால், முள்ளந்தண்டில் இருந்து எவ்வளவு தூரம் என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் உள்ளே விடவே மாட்டார்கள்.

சிறுநீரகம் பழுது உள்ளவர்களுக்குக் கடோலினியம் ஏற்றமுதல் இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற அளவு) பார்க்கவேணும். இதையும் கேளுங்கோ.

பெண்களுக்கு ஒரு சொல்: தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வோம். அதில் கொழுவியிருக்கிற சட்டைப்பின்தான் எனக்குப் பயம். போன வருடம் ஒரு அம்மா கழற்றமாட்டேன் என்று அழுதார். கடைசியில் அவருடைய கணவரே கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றார்.

டொரொன்டோ_மருமகன் | வியாழன், காலை 5.50

சரி, மாதம் ஒன்று என்றதை வாபஸ் வாங்குகிறேன். தூரத்தில் இருந்து காசு அனுப்புகிறவர்களுக்கு ஸ்கான் எடுக்கச் சொல்வதுதான் வருகிறது, என்ன செய்வது. சீடி கிடைத்ததா?

செம்மண்_மகள் | வியாழன், இரவு 9.10

கிடைத்தது! அம்மா அலுமாரியில் என் கலியாண வீடியோ சீடிகளோடு சேர்த்து வைத்திருக்கிறா. எல்லாம் வட்டமாக மினுங்குது, ஒரே இடத்தில் வைத்தேன் என்கிறா.

வீட்டில் ஒரு மடிக்கணினியிலும் சீடி போடுகிற வசதி இல்லை. கடைசியில் சுன்னாகத்தில் ஒரு படப்பிடிப்புக் கடையில் திறந்து பார்த்து, பென் டிரைவிலும் ஏற்றித் தந்தார்கள். காசு வாங்கவில்லை. இன்று பின்நேரம் இங்கே ஸ்கான் எடுத்த இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். ஸ்கான்_அறை அண்ணை சொன்ன இறைப்புக் கதையைத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாத்தி எண்டால் ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தால் முளைச்சிருக்குமே" என்றார். இதைத்தானே நிழற்படம் டொக்டரும் சொன்னார்.

செம்மண்_மகள் | அடுத்த வெள்ளி, மாலை 4.30

கிளினிக்கால் வந்துவிட்டோம். ஒப்பிட்டு எழுதின றிப்போர்ட் புதன்கிழமையே கிடைத்தது. மூன்றாம் மாதப் படத்திலும் அந்த முடிச்சு இருக்கிறது, அப்போது 13 மில்லிமீற்றர், இப்போது 9. நீர்த் தேக்கமும் அப்போது 6 சென்ரிமீற்றருக்கு மேல். டிஃபியூஷன் படத்திலும் சந்தேகம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரே இன்று எடுத்தது, சுத்தம்.

டொக்டர் அல்ட்ராசவுண்டும் வைத்துப் பார்த்தார். ஊசி இப்போது வேண்டாம், மூன்று மாதத்தில் அதே மெஷினில், அதே மாதிரிப் படங்கள், அதற்கு முன் புதிதாக வீக்கமோ நோவோ வந்தால் உடனே வரச் சொன்னார். முடிச்சு ஒரு மில்லிமீற்றர் வளர்ந்தாலும் அன்றைக்கே பயொப்சி என்றார். நோய் திரும்பவே இல்லை என்று அவரும் முழுதாகச் சொல்லவில்லை.

அப்பா கேட்ட ஒரே கேள்வி, வெங்காயம் நடலாமா என்பது. குனியலாம், பாரம் தூக்கவேண்டாம் என்றார்கள்.

தட்டாதெரு_அக்கா | அடுத்த வெள்ளி, மாலை 5.05

நல்லது பிள்ளை. முந்தின நாள் இரவு வயிறு கலக்கும், அது எனக்கு ஏழு வருடமாகப் போகவில்லை. அடுத்த ஸ்கானுக்குப் போகமுதல் எழுது, நானும் அன்றைக்கு முழித்திருப்பேன்.

ஸ்கான்_அறை | அடுத்த வெள்ளி, இரவு 7.40

இந்தப் புதுச் சீடியைக் கலியாண வீடியோவோடு வைக்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கோ.

செம்மண்_மகள் | அடுத்த வெள்ளி, இரவு 7.52

சொன்னேன். இப்போது சாமி அறையில் இருக்கிறது, திருநீற்றுச் சட்டிக்குப் பக்கத்தில். சாம்பல் படாமல் ஒரு உறை போடவேணும்.